எதை எண்ணுவது, எதை விடுவது? எலக்ட்ரான் முதல் விண்மேகம் வரை

தமிழில் ‘மாதிரி’ என்கிற சொல்லுக்கு மூன்று வேலை. “பையன் அப்பா மாதிரி” என்று வீட்டில் சொன்னால் அது சாயல். “மாதிரி காட்டுங்க” என்று மண்டியில் சொன்னால், மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி உருவும் ஒரு பிடி அரிசி. மூன்றாவது, விஞ்ஞானிகள் பேசுகிற மாதிரி. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்பதைச் சில விதிகளாலும் எண்களாலும் தாளில் அமைத்துப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எழுதுகிறவன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவனல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, புனேக்கு வந்து நாற்பது ஆண்டுகளாக அரிசி, பருப்பு வியாபாரம் செய்கிறவன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஆகவே அறிஞர்களுக்காக இதை எழுதவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குத்தூசி மாதிரிக்கும் விஞ்ஞான மாதிரிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. குத்தூசியில் வருவது அதே அரிசி. விஞ்ஞானியின் மாதிரியில் அந்தப் பொருள் துளிகூட இருக்காது. எலக்ட்ரானைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. நானூறு ஒளியாண்டு தூரத்தில் மிதக்கிற வாயு மேகத்துக்குக் குத்தூசி எட்டாது. ஒன்று அவ்வளவு சிறிசு, மற்றொன்று அவ்வளவு தூரம். இரண்டையும் ஒரே வகையான புத்தியால் மனிதன் பிடித்திருக்கிறான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூட்டையும் மணியும்

ஐம்பது கிலோ மூட்டையில் எத்தனை அரிசி இருக்கும்? ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம். எந்த வியாபாரியும் எண்ணி விற்றதில்லை. எடை, ஈரப்பதம், நொய், கல் ஆகிய நாலையும் பார்த்து விலை சொல்லிவிடுகிறோம். 25 லட்சம் மணிகளின் கதை நாலு எண்ணில் அடங்கிவிட்டது. மற்றதையெல்லாம் தெரிந்தேதான் விட்டோம்.

ஆனால் விதைநெல் கேட்டு ஒருவர் வந்தால் இந்த நாலு எண் போதாது. அவருக்கு வேண்டியது முளைப்புத்திறன். அதாவது, எதை எண்ணுவது, எதை விடுவது என்பதைப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாம் கேட்கிற கேள்வியும் தீர்மானிக்கிறது. கோட்பாட்டு இயற்பியல் என்பதன் உயிர்நாடி இதுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் ஒரு எலக்ட்ரான்

முதலில் சிறியதைப் பார்ப்போம். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். காட்மியம் செலினைடு என்ற பொருளை இரண்டு முதல் ஆறு நானோமீட்டர் அளவுத் துகள்களாகச் செய்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆறு நானோமீட்டர் துகள் சிவப்பாக ஒளிர்கிறது. இரண்டு நானோமீட்டர் துகள் நீலமாக ஒளிர்கிறது. பொருள் ஒன்றே, அளவுதான் வேறு. இவற்றைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள். இன்றைக்குக் கடையில் ‘க்யூஎல்இடி’ என்று விற்கிற டி.வி.க்களின் திரையில் இருப்பவை இந்த வகைப் புள்ளிகளே.

ஏன் நிறம் மாறுகிறது? எலக்ட்ரானுக்கு அலையின் குணம் உண்டு. வீணையில் தந்தியை அழுத்தி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறதல்லவா, அதைப் போல எலக்ட்ரானை அடைத்துவைக்கிற இடம் சிறுத்தால் அதன் ஆற்றல் ஏறும். இதற்கு இயற்பியலார் போடுகிற மாதிரி மிக எளிது: நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு பெட்டி, உள்ளே ஒரு எலக்ட்ரான். பெட்டியின் நீளத்தைப் பாதியாக்கினால், அடைபட்டதால் வந்த அந்த ஆற்றல் நாலு மடங்காகும். ஆற்றல் ஏறினால் ஒளி நீலத்தின் பக்கம் நகரும். அவ்வளவுதான்.

அன்றைய சோவியத் நாட்டில் அலெக்சி எக்கிமோவ் கண்ணாடிக்குள்ளும், அமெரிக்காவில் லூயி புரூஸ் திரவத்துக்குள்ளும், 1980களின் தொடக்கத்தில், ஒருவரை ஒருவர் அறியாமலே இந்த அளவு விளைவைக் கண்டார்கள். ஒரே அளவுள்ள தரமான புள்ளிகளைச் செய்யும் முறையை மௌங்கி பவெண்டி 1993இல் கொண்டுவந்தார். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்தப் பெட்டி மாதிரியில் விட்டது என்ன? ஆயிரக்கணக்கான அணுக்கள், அவற்றின் அடுக்கு, மேற்பரப்பின் குறைகள் எல்லாவற்றையும் விட்டார்கள். சுவரைத் தாண்டவே முடியாது என்றும் வைத்துக்கொண்டார்கள். உண்மையில் எலக்ட்ரான் அலை சுவருக்குள் சற்றுக் கசியும். அதனால் மிகச் சிறிய புள்ளிகளுக்கு இக்கணக்கு ஆற்றலைக் கூடுதலாகக் காட்டும். அப்போது சுவரைத் தாழ்த்தி மறுபடி கணக்குப் போடுவார்கள். மாதிரி எங்கே கோணுகிறது, எந்தப் பக்கம் கோணுகிறது என்று தெரிந்திருந்தால், கோணலான மாதிரியும் உதவும்.

அடர்த்தி என்னும் தராசு

ஒரு எலக்ட்ரானுக்குச் சரி. பல எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருந்தால்? ஒரு இரும்பு அணுவில் 26 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் எங்கே என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும், மொத்தம் 78. ஒவ்வொரு திசையிலும் பத்தே பத்து இடங்கள் என்று சிக்கனமாக வைத்தாலும், அட்டவணையில் எழுத வேண்டிய எண்கள் 1க்குப் பின் 78 சைபர். சூரியனில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஏறக்குறைய 1க்குப் பின் 57 சைபர்தான். ஒரே ஒரு இரும்பு அணுவின் பேரேட்டை எழுத உலகத்தில் காகிதம் போதாது.

இந்த மலையைச் சுற்றிப் போக வழி கண்டவர் வால்டர் கோன். வியன்னாவில் பிறந்து, 1939இல் அகதிச் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவர் 1964இல் பியர் ஹோஹன்பர்க்குடன் சேர்ந்து நிறுவியது இது: எலக்ட்ரான்களைத் தனித்தனியாகத் தொடர வேண்டியதில்லை, எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்கிற அடர்த்தி ஒன்று தெரிந்தால் போதும், மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் உள்ள பொருளின் பண்புகளெல்லாம் கொள்கையளவில் அதற்குள் அடங்கும். மறு ஆண்டு லூ ஷாமுடன் சேர்ந்து, அதைக் கணக்குப் போடும் வழியையும் தந்தார். 78 எண்கள் இருந்த இடத்தில் மூன்றே எண்கள். நம்ம பாஷையில் சொன்னால், மணியை எண்ணாதே, மூட்டையைத் தராசில் வை.

இயற்பியலாரான கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மருந்து, மின்கலம், சூரியத் தகடு என்று இன்று புதுப் பொருள் தேடுகிறவர்கள் செய்து பார்ப்பதற்கு முன்பே கணினியில் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் இந்த அடர்த்திக் கணக்கைத்தான்.

இதிலும் ஒரு இடுக்கு இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நடக்கிற நுட்பமான பகுதிக்குச் சரியான சூத்திரம் உண்டு என்று கோன் நிறுவினார். ஆனால் அந்தச் சூத்திரம் முழுமையாக இன்றுவரை யார் கையிலும் இல்லை, தோராயம்தான் போடுகிறார்கள். மிக எளிய தோராயத்தைப் போட்டால், சிலிக்கானில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, உண்மையான 1.1 எலக்ட்ரான் வோல்ட்டில் பாதியளவுதான் வருகிறது. தராசு குறைத்துக் காட்டுகிறது என்பது துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்காமல் பாடப்புத்தகத்திலேயே எழுதிவைக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையின்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அணுவிலிருந்து வந்த தந்தி

எலக்ட்ரானிலிருந்து விண்மேகத்துக்கு எப்படித் தாவுவது என்று கேட்கலாம். தாவவே வேண்டியதில்லை, எலக்ட்ரானே நம்மை அழைத்துப் போகிறது.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். இரண்டுக்கும் சின்னக் காந்தம் போன்ற குணம் உண்டு. இரண்டின் தற்சுழற்சியும் ஒரே பக்கம் நோக்கியிருந்தால் ஆற்றல் ஒரு துளி கூடுதல். எதிரெதிராக இருந்தால் குறைவு. எலக்ட்ரான் புரளும்போது அந்தத் துளி ஆற்றல் ரேடியோ அலையாக வெளியேறுகிறது. அதன் அலைநீளம் 21 செண்டிமீட்டர், அலைவெண் 1420 மெகாஹெர்ட்ஸ். தனித்து விடப்பட்ட ஒரு அணு இப்படிப் புரள ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படியானால் எப்படிக் கேட்கும்? கூட்டம் பெரிசு. ஒவ்வொருவரும் கோடி ஆண்டுக்கு ஒருமுறை பேசினாலும், எண்ணற்ற அணுக்கள் இருந்தால் பேச்சு ஓயாது.

ஜெர்மானியர் பிடியில் நெதர்லாந்து இருந்த 1944இல், ஹெண்ட்ரிக் வான் டி ஹல்ஸ்ட் என்ற மாணவர் இந்த அலை விண்வெளியிலிருந்து வரக்கூடும் என்று தாளில் கணக்கிட்டுச் சொன்னார். 1951 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹரால்டு ஈவன், எட்வர்டு பர்செல் இருவரும் அதைப் பிடித்தார்கள். கருவி என்ன தெரியுமா? 500 டாலர் உதவித்தொகையில், பலகையில் தாமிரத் தகடு அடித்துச் செய்த ஒரு கொம்பு. ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உறுதி செய்தார்கள். நம் பால்வெளி மண்டலத்தின் வாயு மேகங்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்பதெல்லாம் இந்த ஒரு அலையால் தெரிய வந்தது. ஒரு அணுவைப் பற்றிய கணக்கு, ஒரு விண்மீன் மண்டலத்தின் படத்தை வரைந்தது.

புனேயில் இருக்கிற நமக்கு இது அந்நியமும் இல்லை. நாராயண்காவ் பக்கத்தில் கோடத் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோக் கிண்ணங்கள் நிற்கின்றனவே, அவை கேட்கிற அலைகளில் இந்த 21 செ.மீ. அலையும் ஒன்று. அதை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன்பு, 1970இல், நம் உதகையில் 530 மீட்டர் நீளமான ரேடியோத் தொலைநோக்கியையும் அமைத்தவர்.

மேகம் எப்போது சரியும்?

விண்மேகம் சுருங்கி நட்சத்திரம் ஆகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். எந்த மேகம் சுருங்கும், எது சும்மா மிதக்கும்? 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் இதற்குக் கணக்குப் போட்டார். மேகத்தின் சொந்த ஈர்ப்பு அதை உள்ளே இழுக்கிறது. வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கினால், “தள்ளு” என்ற சேதி மேகம் முழுதும் ஒலியின் வேகத்தில்தான் பரவும். மேகம் பெரிதாக இருந்தால் சேதி போய்ச் சேருவதற்குள் ஈர்ப்பு ஜெயித்துவிடும். ஆக, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அடர்த்திக்கும் ஒரு எல்லை நிறை உண்டு. வெப்பம் நாலு மடங்கானால் அந்த எல்லை எட்டு மடங்காகும். அடர்த்தி நாலு மடங்கானால் எல்லை பாதியாகும். குளிர்ந்து நெருங்கிய மேகமே சரியும்.

இந்தக் கணக்கில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் ஒரே சீராகப் பரவி, அசையாமல் நிற்கிற வாயு என்று ஜீன்ஸ் ஆரம்பித்தார். நியூட்டனின் விதிப்படி அப்படி ஒரு வாயு அசையாமல் நிற்கவே முடியாது. அவர் அந்த அடிப்படை ஈர்ப்பைக் கண்டுகொள்ளாமல், சிறு சிறு நெரிசல்களின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் சேர்த்தார். பிற்காலத்து வானியலார் இதற்கு ‘ஜீன்ஸின் மோசடி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முறையாகப் போட்ட கணக்குகளும் ஏறக்குறைய அதே அளவைத்தான் தருகின்றன. அதனால் அவர் பெயர் கொண்ட அந்த எல்லை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, மோசடி என்ற பெயரோடு சேர்த்து.

ஐந்தொகை சரியாக வந்தால்?

விருச்சிக ராசிக்கு அருகில், ஒபியூகஸ் என்னும் விண்மீன் கூட்டத்தின் பக்கம், பர்னார்டு 68 என்றொரு கரிய திட்டு இருக்கிறது. பார்த்தால் வானத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். உண்மையில் அது பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைக்கிற குளிர்ந்த மேகம். தூரம் சுமார் 400 ஒளியாண்டு, குறுக்களவு அரை ஒளியாண்டு, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 263 டிகிரி, நிறை சுமார் இரண்டு சூரியன். இதில் ஹைட்ரஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிவிட்டதால் 21 செ.மீ. குரல் உதவாது. எனவே வேறு வழி பிடித்தார்கள். சிலி நாட்டிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கிகளால் அகச்சிவப்பில் பார்த்து, பின்னாலுள்ள ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி எவ்வளவு சிவந்து மங்கியது என்று அளந்தார்கள். மங்கல் அதிகம் என்றால் அங்கே தூசு அதிகம். இப்படி மேகத்தின் அடர்த்தி மையத்திலிருந்து ஓரம்வரை எப்படிக் குறைகிறது என்று வரைந்துவிட்டார்கள்.

யாவோ ஆல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் 2001இல் வெளியிட்ட முடிவு: அந்த வரைபடம், எபர்ட், பான்னர் என்ற இருவர் 1955, 1956இல் தனித்தனியே தாளில் போட்ட மாதிரியோடு அச்சாகப் பொருந்தியது. ஒரே வெப்பநிலையுள்ள உருண்டை வாயு, உள்ளே தன் ஈர்ப்பு, வெளியே சுற்றுப்புற அழுத்தம். அவ்வளவுதான் அந்த மாதிரி. கணக்கின்படி மேகம் சரிகிற விளிம்பில் நிற்கிறது.

இங்கேதான் வியாபாரிக்குத் தெரிந்த எச்சரிக்கை ஒன்று வேண்டும். ஐந்தொகை தட்டாமல் வந்துவிட்டது என்பதாலேயே எல்லாப் பதிவும் சரி என்று ஆகிவிடாது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சமன் செய்திருக்கலாம். 2003இல் கணினியில் கொந்தளிக்கும் வாயுவை ஓட்டிப் பார்த்தவர்கள், சமநிலையிலேயே இல்லாத, ஓடிக்கொண்டிருக்கிற மேகத் துண்டுகளும் வெளித்தோற்றத்தில் அதே வரைபடத்தைக் காட்டக்கூடும் என்றார்கள். பொருந்துவது ஒன்று, நிரூபணம் வேறொன்று. எனவே மேகத்தின் வடிவத்தோடு அதன் உள் அசைவையும் அளக்கப் போனார்கள். விஞ்ஞானம் வளர்கிற விதமே இதுதான்.

இந்த மேகத்துக்குள் ஒலி 1 வினாடிக்கு சுமார் 200 மீட்டர் போகும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த மனிதனும் உட்கார்ந்து பார்த்துவிட முடியாது. மாதிரி இல்லையென்றால் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு புகைப்படம். மாதிரிதான் அதற்கு நேற்றும் நாளையும் தருகிறது.

நயம்

எங்கள் சமணத் தர்க்கத்தில் ‘நயம்’ என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை ஒரு நிலையில் நின்று பார்த்துச் சொல்கிற கூற்று அது. பொய்யில்லை; முழுமையும் இல்லை. பெட்டி மாதிரி ஒரு நயம், அடர்த்திக் கணக்கு ஒரு நயம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பரமாணு என்ற சொல் பழைய நூல்களில் இருக்கிறதே என்று குவாண்டம் இயற்பியலை நம் முன்னோர் கணக்கில் வரவு வைக்க நான் ஒப்பமாட்டேன். அவர்கள் சிந்தித்தார்கள், அளக்கவில்லை. அளந்து சரிபார்க்காததை அளந்ததாகச் சொன்னால் முன்னோருக்கும் பெருமையில்லை, நமக்கும் இல்லை.

வீட்டுக்கு என்ன லாபம்?

இதெல்லாம் படித்து நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு சொல்வேன்.

ஒன்று, மாதிரிகள் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. நாளை மழை, புயலின் பாதை, 2020இல் நோய் எப்படிப் பரவும் என்று சொன்ன வளைவுகள், வங்கிக்காரர் காட்டுகிற வளர்ச்சிப் படம், எல்லாமே மாதிரிகள். கண்ணை மூடி நம்புவதும் தப்பு. ஒருமுறை பொய்த்ததும் “எல்லாம் புருடா” என்பதும் தப்பு. கேட்க வேண்டியது: இதில் எதை விட்டீர்கள்? எதுவரை செல்லும்? எதை அளந்தால் இது தவறென்று தெரியும்? மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லாத மாதிரி, தராசில் ஏற மறுக்கிற சரக்கு. அதை வாங்காதீர்கள்.

இரண்டு, பிள்ளைகள் விஷயம். “கோட்பாட்டு இயற்பியல் படிக்கிறேன்” என்று மகளோ மகனோ சொன்னால், ஆய்வுக்கூடமும் இல்லை, கருவியும் இல்லை, தாளை வைத்துக்கொண்டு என்ன வேலை என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வெளிமாநிலத்தில் வேரூன்றப் பாடுபட்ட குடும்பத்துக்கு அந்தப் பயம் இயல்பு. அதை நான் கேலி செய்யமாட்டேன். படிப்பு நீண்டது, சம்பளம் தாமதம் என்பதும் உண்மை. ஆனாலும் மும்பையில் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனம், புனேயில் அயூக்கா, பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனம், சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்று இதற்கே வாழ்கிற இடங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அங்கே கற்பது எலக்ட்ரான் மட்டுமில்லை. சிக்கலான ஒன்றின் முன்னால் நின்று, எதை எண்ண வேண்டும், எதை விட வேண்டும், விட்டதற்கு என்ன விலை என்று நேர்மையாகச் சொல்கிற பயிற்சி. அந்தப் பயிற்சி உள்ளவருக்கு எந்தத் துறையிலும் இடம் உண்டு.

ஆகவே பிள்ளை அப்படிக் கேட்டால், மறுப்பு சொல்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து, “நீ படிக்கப் போகிற கணக்கில் எதை எண்ணுவாய், எதை விடுவாய்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.